ரீயூனியன் தீமிதியும் வட ஆற்காட்டு அக்னி வசந்தமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் 2,512 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள எரிமலைத் தீவு ரீயூனியன். ஆட்சி பிரான்சுடையது, செலவாணி யூரோ, வீட்டுப் பேச்சு கிரியோல். அங்கே கரும்புத் தோட்டங்களை ஒட்டி வாழும் தமிழ் வம்சாவளியினரை மல்பார்கள் என்கிறார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. தென்னிந்தியர் எல்லாரையும் ஐரோப்பியர் அப்படி அழைத்த காலத்தில் ஒட்டிய பெயர் அது. பெரும்பாலோர் பெயரில் ஒரு கிறிஸ்தவப் புனிதர் இருப்பார். தமிழ் பேசத் தெரிந்தவர் குறைவு. ஆனால் வருடந்தோறும் 18 நாள் விரதம் இருந்து, மணிக்கட்டில் மஞ்சள் காப்போடு பாஞ்சாலி பேரைச் சொல்லி அக்னியில் இறங்குகிறார்கள்.

இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற குழப்பம் வேலூர்ப் பக்கம் அடிக்கடி எழுகிறது. முன்னோர் ஊரைத் தேடி வருகிறவர்கள் கோயில் கவுண்டரில் பாஸ்போர்ட்டை நீட்டும்போது ஒரு விதமாக எழும். இங்கிருந்து பூஜைக்கோ சிற்ப வேலைக்கோ அங்கே போகிறவர்கள், ‘இவங்க பண்றது எதுவும் சாஸ்திரப்படி இல்லையே’ என்று முகம் சுளிக்கும்போது இன்னொரு விதமாக எழும். பாஸ்போர்ட்டையும் ஆகமத்தையும் அளவுகோலாகப் பிடித்தால் இந்தக் குழப்பம் தீராது என்பது எங்கள் முடிவு. வேலூரைச் சுற்றிய பழைய வட ஆற்காடு ஜில்லாவின் தர்மராஜா கோயில்களில், பாரதக் கதை சொல்லித் தீமிதியில் முடியும் அக்னி வசந்த விழாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அங்கே எது நிலைத்தது, எது உதிர்ந்தது என்பது தெரியும்.

போன வழி

ரீயூனியனில் அடிமை முறை ஒழிந்தது 1848 டிசம்பர் 20 அன்று. கரும்பு வெட்ட ஆள் இல்லாமல் போனதும், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆள் சேர்க்கும் வேலை புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் வழியாகச் சூடு பிடித்தது. பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த மக்கள் தொகை இதற்குப் போதாது. பிரிட்டிஷ் பகுதியில் ஆள் எடுக்க 1860 ஜூலையில் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்தன. தோட்டங்களில் நடந்த கொடுமைகள் வெளியே வந்ததால் 1882 நவம்பரில் பிரிட்டிஷ் இந்திய அரசு ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

அந்த இருபத்திரண்டு ஆண்டுகளுக்குள்தான் 1876–78 தாது வருஷப் பஞ்சமும் வந்தது. வட ஆற்காடு அதில் கடுமையாக அடிபட்ட மாவட்டம். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 முதல் ரயில் ஓடியதால், வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கத்து ஆட்களைச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவது எளிது. புதுச்சேரிக்கு ரயில் போனது 1879-இல்தான். அதற்கு முன் ஆரணி, வந்தவாசி பக்கத்து ஆட்களுக்குக் கால்நடையோ மாட்டுவண்டியோதான் வழி.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரீயூனியன் தமிழர் எல்லாரும் வட ஆற்காட்டார் இல்லை. தஞ்சை, தென் ஆற்காடு, திருச்சி என்று பல ஜில்லாக்காரர்கள் கலந்தே போனார்கள். பாரதமும் தீமிதியும் செழித்த நிலம் செஞ்சிக்கு அருகே மேலச்சேரியை மையமாகக் கொண்டு ஆற்காடு வரை பரவியது; தஞ்சைப் பக்கமும் உண்டு. எனவே ஒரு குடும்பம் தீமிதிக்கிறது என்பதை வைத்து அதன் ஊரைக் குறிக்க முடியாது. அதற்குத் தனியாகக் காகிதம் வேண்டும், பின்னால் வருகிறோம்.

காகிதத்தில் தெரியாத மதம்

ழான், மரி, போல் என்ற முன்பெயர்களைக் கண்டதும் மதம் மாறியவர் என்று இங்கே முடிவு கட்டிவிடுகிறார்கள். பிரான்சில் 1803-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறந்த குழந்தைக்கு நாட்காட்டிகளில் உள்ள பெயரோ பழைய வரலாற்று மாந்தர் பெயரோதான் பதிவேட்டில் ஏற முடியும். நாட்காட்டி என்றால் புனிதர் நாட்காட்டி. இந்தப் பிடி 1966-இல் கொஞ்சம் தளர்ந்து, 1993 ஜனவரிச் சட்டத்தில்தான் முழுதாக விட்டது. ஆகவே, ஞானஸ்நானம் பெற்ற வீடானாலும் பெறாத வீடானாலும் பதிவேட்டில் ஒரே மாதிரிப் பெயர்தான். வீட்டுக்குள் கூப்பிடும் பெயர் வேறு.

தாத்தாவின் சொந்தப் பெயர் குடும்பப் பெயராக உறைந்துபோனது இன்னொரு விஷயம். ராமசாமி, வீரப்பிள்ளை, சின்னமலை, முத்துசாமி என்று இங்கே ஆளுக்கு வைக்கும் பெயரெல்லாம் அங்கே பரம்பரைப் பெயர். ஒரே குடும்பப் பெயர் உள்ள இரண்டு பேர் பங்காளிகள் என்று எண்ணக்கூடாது. இரண்டு வெவ்வேறு கப்பலில் வந்த இரண்டு முத்துசாமிகளின் கொள்ளுப்பேரன்களாக இருக்கலாம். சாதி, பங்காளி முறை, கோத்திரம் எதையும் அந்தப் பெயரிலிருந்து எடுக்க முடியாது.

மக்கள் தொகைக் கணக்கும் கைகொடுக்காது. பிரெஞ்சுக் கணக்கெடுப்பு 1872-க்குப் பிறகு மதம் என்ன என்று கேட்பதே இல்லை. ரீயூனியனில் இந்துக்கள் இத்தனை சதவீதம் என்று எங்கே பார்த்தாலும் அது மதிப்பீடு மட்டுமே. 1889 குடியுரிமைச் சட்டம் அங்கே பிறந்த தலைமுறைகளைப் பிரெஞ்சுக்காரர்களாக்கியது. 1946 மார்ச் 19 அன்று தீவே பிரான்சின் ஒரு மாவட்டமாகிவிட்டது. அரசின் பார்வையில் அவர்கள் குடிமக்கள். சமயம் அவரவர் சொந்த விஷயம். கோயில்கள் 1901-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கங்களாக நடக்கின்றன. அறநிலையத் துறை, செயல் அலுவலர், தக்கார் என்று யாரும் கிடையாது. சங்கத் தேர்தலில் சண்டை வந்தால் திருவிழா இரண்டாகும், அவ்வளவுதான். அந்த வகையில் நம் ஊர்க்கூட்டத்துக்கு ரொம்பத் தூரமில்லை.

ஞாயிறன்று சர்ச் பூசைக்கும் போவார்கள், காளிக்கும் படைப்பார்கள். சிவப்புத் துணி கட்டிய தெருவோரக் குடில்களில் எக்ஸ்பெதி என்ற புனிதருக்கு மெழுகுவத்தி ஏற்றுபவர்களில் மல்பார்களும் உண்டு. கொடிமரம் நட்டு நாகூர் மீரானுக்குக் கொடியேற்றும் வழக்கமும் அவர்களிடம் இருக்கிறது. காட்பாடியில் ரயிலேறி வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு, வரும் வழியில் நாகூரில் பாத்தியா ஓதிக்கொண்டு வருகிற இந்து வீடுகள் நம்மிடம் எத்தனை! அங்கே நடப்பதை மட்டும் ‘கலப்பு’ என்று பெயர் வைத்துப் பார்ப்பது நேர்மையில்லை.

இரண்டு விழாக்கள், படிப்படியாக

வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களில் தர்மராஜா கோயில் அல்லது திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊரில் பாரதம் வைத்தால், வரிசை ஏறக்குறைய இது: ஊர்க்கூட்டம் போட்டு வீட்டு வரி நிர்ணயிப்பார்கள். பந்தக்கால் நட்டு, கொடியேற்றி, காப்புக் கட்டுவார்கள். தினம் பிற்பகலில் பிரசங்கி வில்லி பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். கடைசிப் பத்து நாளோ அதற்குச் சற்றுக் கூடவோ இரவில் கூத்து நடக்கும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடைத் துகில், அர்ச்சுனன் தபசு, விராட பர்வம், கிருஷ்ணன் தூது, அரவான் களப்பலி, அபிமன்யு வதை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று கதை நகரும். செய்யாறுக்கு அருகே புரிசை போன்ற ஊர்களின் கூத்து மரபு இந்த விழாக்களை நம்பியே பிழைத்தது.

தீமிதி நாளின் காலையில் படுகளம். களிமண்ணைக் குழைத்துப் பல அடி நீளத்துக்குத் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். கண்ணும் மீசையும் சுண்ணாம்பிலும் கரியிலும் தீட்டியிருக்கும். தொடைக்குள் செந்நீர் நிரப்பிய சட்டியைப் புதைத்து மண் பூசி மறைப்பார்கள். சட்டியின் வாய்க்கு மேல் மண் அதிகமாகப் பூசிவிட்டால் பீமன் கதாயுதத்தால் மூன்று அடி அடித்தும் உடையாது, கூட்டம் சிரித்துவிடும். இரண்டு விரற்கடைப் பூச்சு போதும். அந்தச் செந்நீரைத் தொட்டுத் திரௌபதி வேஷக்காரர் கூந்தலை முடிந்த பிறகுதான் குண்டத்துக்குப் போகலாம். துகில் இரவில் அவிழ்ந்த கூந்தல் முடிந்தாக வேண்டும், முடிந்தபின் நெருப்பில் இறங்கித் தன் கற்பைக் காட்ட வேண்டும் என்பது அந்த வரிசைக்குள் இருக்கும் கணக்கு. தீமிதி தனியாக நிற்கும் சாகசம் ஆகாது. பதினெட்டு நாள் கதையின் முடிச்சு அது.

ரீயூனியனில் இந்த உடம்பில் எலும்பெல்லாம் இருக்கிறது, சதை குறைந்திருக்கிறது. பதினெட்டு நாள் உண்டு. காப்பு உண்டு. பாரதம் படித்து கிரியோலில் பொருள் சொல்வது உண்டு. பாஞ்சாலிக்கும் அர்ச்சுனனுக்கும் கல்யாணம் நடத்துவது உண்டு. கரகம், ஊர்வலம், தீக்குழி, அதன் முடிவில் பால் குழி எல்லாம் உண்டு. பூசை செய்பவர் பூசாரிதான், பெயரும் அதேதான். கூத்து அங்கே ‘தமிழ் ஆட்டம்’ என்ற பொருள்பட ஒரு பிரெஞ்சுப் பெயரோடு தனிக் கலையாக நிற்கிறது. வாத்தியார் பாடத்தை ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுக்க, பொருள் முழுதும் தெரியாமலே இரவெல்லாம் பாடுகிறவர்கள் அதில் உண்டு. உச்சரிப்பு தேயத்தேய ராகமும் தாளமும் மட்டும் பிடிவாதமாக நின்றுவிட்டன.

காலமும் மாறியது. நம் பக்கம் பாரதம் பங்குனியிலிருந்து ஆடி வரை, அறுப்பு முடிந்து கையில் காசும் ஓய்வும் உள்ளபோது. ரீயூனியனில் கரும்பு வெட்டு ஜூலையில் தொடங்கி டிசம்பரில் முடியும். அதனால் டிசம்பர், ஜனவரியில் தீமிதிகள் குவிகின்றன. பஞ்சாங்கத்தைவிட ஆலைச் சங்குதான் நாள் குறித்தது. அங்கே அது கோடை. அதே சமயம் புயல் மழைக் காலமும். வெயில் காய்ந்த சித்திரையில் குண்டம் போட்டுப் பழகியவர் அங்கே போனால் முதலில் தடுமாறுவது இதில்தான்.

குண்டத்தின் கணக்கைச் சொன்னால் இது விளங்கும். 18 அடி நீளம், 7 அடி அகலம், அரையடிக்குள் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். மிதிக்கும்போது கங்கு மூன்று அங்குலக் கனம் இருந்தால் போதும். அதற்கு ஏறக்குறைய 30 கன அடிக் கங்கு, அதாவது சுமார் 200 கிலோ கரி வேண்டும். திறந்த வெளியில் எரியும் கட்டையில் பெரும்பகுதி சாம்பலாகப் போய்விடும் என்பதால், ஒன்றரை முதல் இரண்டு டன் காய்ந்த கட்டை இறக்க வேண்டும். புளி, வேலம் போன்ற கெட்டி மரம் நல்லது. காலை பத்து, பதினொன்றுக்குத் தீ வைத்தால் மாலை ஐந்தரைக்கு நாக்கு அடங்கிக் கங்கு நிற்கும். நீண்ட பச்சைக் கொம்புகளால் உடைத்துச் சமமாகப் பரப்பி, மேலே படிந்த எரியாத கொள்ளிகளை இழுத்துப் போட்டு, முறத்தால் விசிறுவார்கள்.

மழைக்காலத்தில் கெடுவது இரண்டு இடத்தில். ஈரக்கட்டை எரியாமல் புகையும். ஆறு மணிக்கும் கொள்ளியில் நாக்கு நிற்கும். கங்கு படிவதற்குள் கூட்டம் பொறுமை இழக்கும். அடுத்தது அடிமண். தண்ணீர் ஊறிய மண்மேல் கங்கு பரப்பினால் ஆவி கிளம்பும். ஈரம் குடித்த கல் உள்ளே இருந்தால் வெடித்துத் தெறிக்கும். எரிமலைப் பாறையில் துளை அதிகம் என்பதால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். தீர்வு எளிது: குழியை மேட்டில் வெட்டு, சுற்றிலும் வாய்க்கால் எடு, கல்லைப் பொறுக்கு, முந்தின நாளே சிறு தீ போட்டு மண்ணை உலர்த்து, கட்டையைத் தார்ப்பாயில் மூடி வை.

மழையோடு சம்பந்தமில்லாத கேடுகளும் இரண்டு கரையிலும் ஒன்றே. இடித்த வீட்டு மரத்தை நன்கொடையாகத் தருவார்கள்; அதிலுள்ள ஆணியைப் பிடுங்காமல் போட்டால் கங்கோடு சிவந்து கிடந்து காலில் சூடு வைக்கும். கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், கால் படுவதும் நொடிக்குள் என்பதால்தான் பெரும்பாலோர் கொப்புளமின்றி வருகிறார்கள். இரும்புக்கு அந்தத் தயவு கிடையாது. கங்கு நாலைந்து அங்குலத்துக்கு மேல் கனத்தால் பாதம் புதைந்து புறங்காலில் படும். அங்கே தோல் மெல்லிசு. ஓடினால் நுனிக்கால் குத்திப் புதையும். மிக மோசமான காயங்கள் இடறி விழுவதால் வருபவை. எனவே, ஒருவர் கரையேறிய பிறகே அடுத்தவரை விட வேண்டும். கரகம் தூக்கியவர் பின்னால் கும்பலாக இறங்க விடக்கூடாது. நீளத்தின் இருபுறமும் நான்கு நான்கு பேராவது இழுத்தெடுக்கத் தயாராக நிற்க வேண்டும். கையில் குழந்தையோடு இறங்குவதை இரண்டு இடத்திலும் நிறுத்தியே ஆக வேண்டும் என்பது எங்கள் கருத்து. நேர்த்திக்கடன் என்ற வாதம் அதற்குச் செல்லாது.

சேவலும் சிவாச்சாரியாரும்

1970-களுக்குப் பிறகு ரீயூனியனில் ஒரு தமிழ் மறுமலர்ச்சி. தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள் போனார்கள், வண்ணக் கோபுரங்கள் எழுந்தன, சிவாச்சாரியார்கள் வந்தார்கள், கும்பாபிஷேகம் வந்தது. சான்-ஆந்த்ரே நகரில் தீபாவளி ஊரே கூடும் பொதுவிழாவாயிற்று. கூடவே ஒரு பிளவும் வந்தது. தோட்டத்து மதுரை வீரன், முனீஸ்வரன், பேச்சியாயி, காளி கோயில்களில் ஆட்டுக் கிடாயும் சேவலும் வெட்டுவது ‘இந்து மதமே இல்லை’ என்ற குரல் எழுந்தது. அது ஆகமம் படித்த குரல். நூறாண்டுக்கு மேலாகக் கோயிலைக் காத்த பூசாரி வீட்டாருக்கு அது கசப்பு.

இந்தச் சண்டையை நாம் இங்கேயே பார்த்தாயிற்று. தமிழ்நாட்டில் 1950-ஆம் ஆண்டு உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003-இல் தூசு தட்டி அமலாக்கினார்கள். கிராமங்களின் எதிர்ப்பில் 2004-இல் அந்தச் சட்டமே ரத்தானது. வாலாஜா பக்கத்து முனீஸ்வரனுக்குக் கிடாய் வெட்டுகிறவரை இந்து இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது என்றால், ரீயூனியனின் சான்-பியேர் ஊர்க்காரரைச் சொல்லவும் வரக்கூடாது. அங்கே போகும் குருக்களுக்கு எங்கள் யோசனை: பூசாரியின் முறையைத் திருத்தப் போக வேண்டாம். கும்பாபிஷேகத்தை உங்கள் முறைப்படி நடத்துங்கள், பலி நாளன்று அவர் முறை நடக்கட்டும். ஆடித் திருவிழாவில் நம் ஊர் அம்மன் கோயில்களில் நடப்பதும் அதுதான்.

ஊர் தேடி வந்தால்

குடும்பம் கையில் கொண்டுவர வேண்டியது மூதாதையின் ஒப்பந்தப் பதிவு எண்ணும், பதிவேட்டில் அந்த வரியின் நகலும். ரீயூனியன் தலைநகர் சான்-தெனியில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்தில் தேடலாம். பிறப்பு, திருமணப் பதிவுகளில் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் போய், ‘இந்தியாவில் பிறந்தவர்’ என்று வரும் முதல் ஆளைப் பிடிப்பதுதான் வரிசை. நேராக இந்தியாவில் தொடங்கினால் ஒன்றும் கிடைக்காது.

இங்கே வழுக்கும் இடங்கள்: பிறந்த ஊர் என்று புதுச்சேரி இருந்தால் நம்ப வேண்டாம், கப்பல் ஏறிய ஊரையே எழுதிவிடுவது சகஜம். ‘ஆர்க்காத்’ என்று பிரெஞ்சு எழுத்தில் கண்டால் ஊரா, ஜில்லாவா, வடக்கா தெற்கா என்று பார்க்க வேண்டும். அன்றைய வட ஆற்காடு இன்றைய வேலூர் இல்லை. 1911 வரை தலைமையிடம் சித்தூர். சந்திரகிரி, பலமநேர், புங்கனூர், காளஹஸ்தி எல்லாம் அதற்குள். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும். ஊர்ப் பெயர் கிடைத்ததும் பழைய தாலுகாவை முதலில் நிர்ணயித்து, பிறகு இன்றைய மாவட்டத்துக்கு வாருங்கள். புதூர், பாளையம், மோட்டூர் என்று முடியும் பெயர்கள் தாலுகாவுக்குப் பல. தாலுகா தெரியாவிட்டால் தேடலை நிறுத்திவிடுவது நல்லது. வந்தவர் மனம் நோகக்கூடாது என்று ஏதோ ஒரு ஊரைக் காட்டி மாலை போட்டு அனுப்புவது நடக்கிறது. அது மோசடி.

கோயிலில் அர்ச்சனைக்கு நின்றால் கோத்திரம் கேட்பார்கள். தெரியாது என்றால் சிவ கோத்திரம் என்று சொல்லி நடத்துவது வழக்கம். நட்சத்திரம் தெரியாவிட்டால் பெயருக்கே செய்யலாம். கொடிமரம் தாண்டும்போதுதான் பாஸ்போர்ட் சிக்கல். 2024 ஜனவரியில் பழனி கோயில் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து அல்லாதவர் கொடிமரத்தைத் தாண்ட வேண்டாம் என்று பலகை வைக்கச் சொன்னது. நம்பிக்கை உண்டு, கோயில் வழக்கத்துக்குக் கட்டுப்படுவேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுப்பவரை அனுமதிக்கலாம் என்றும் சொன்னது. தீமிதிக் குடும்பத்தாரை அந்த ‘அல்லாதவர்’ பட்டியலில் பெயரைப் பார்த்துத் தள்ளுவது சரியாகாது. 1970-இல் பெருமாள் நாடார் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்துவாக மாறுவதற்கே சுத்திச் சடங்கு தேவையில்லை, உண்மையான எண்ணமும் அதற்கேற்ற நடத்தையும் போதும் என்றது. பரம்பரையாக வழிபடுகிறவருக்கு அதைவிடக் கடுமையான அளவுகோல் எதற்கு? இருந்தாலும் வாசலில் வாதாடுவதைவிட, அங்குள்ள கோயில் சங்கத்திடம் ஒரு கடிதம் வாங்கி, தமிழிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்த்து, செயல் அலுவலரிடம் முந்தின நாளே கொடுப்பது புத்திசாலித்தனம்.

தர்மராஜா கோயில்களில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. அங்கே கேட்பது விரதம் பற்றித்தான். ஊர் கிடைக்காத குடும்பமும் ஏதாவது ஒரு அக்னி வசந்தத்தில் சேர்ந்து தீமிதிக்கலாம். தருமகர்த்தாவிடமும் நாட்டாண்மையிடமும் முன்கூட்டியே சொல்லி, ஊர் சம்மதித்தால் வரி கட்டிவிட வேண்டும். விமான டிக்கெட்டைத் தீமிதி நாளுக்குப் போட்டுவிட்டு வருவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. காப்புக் கட்டும் நாளுக்கே ஊரில் இருக்க வேண்டும். காப்புக் கட்டியபின் வெளியூரில் இரவு தங்கக்கூடாது என்பதால் வேலூரில் லாட்ஜ் போட்டுக்கொண்டு வந்து போகவும் முடியாது. கோயில் மண்டபத்திலோ ஊரில் ஒரு வீட்டிலோ பாய்க்கு இடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.